கனியின் காவல்

வாழைக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கும்போது கத்தியின் அலகும் நறுக்குபவரின் விரல்களும் கறுத்துவிடுவதை நம் வீடுகளில் அறியாதார் இலர். நெல்லிக்காயை நறுக்கினாலும் அவ்வாறே. நாம் அதனை வெறுங் கறையென்று கழுவிவிடுகின்றோம். ஆயின் அக்கறையினுள்ளே ஓர் இரசாயனப் பாடம் அடங்கிக் கிடக்கின்றது. காயின் துவர்ப்புக்குக் காரணமான தனின் என்னும் பொருள் கத்தியின் இரும்பைப் பற்றிக்கொண்டதன் விளைவே அக்கருமை. முன்னாளிலே கடுக்காயையும் இரும்பையும் கூட்டிக் கறுப்பு மை செய்ததும் இவ்வியல்பைக் கொண்டேயாம்.

தனின், பொலிபீனோல்கள் எனப்படும் பெருங் குடும்பத்தைச் சேர்ந்தது. நாவற்பழத்தின் ஊதாவும் மாதுளை முத்தின் சிவப்பும் அக்குடும்பத்துப் பொருள்களின் நிறங்களே. இவற்றுட் பல, நண்டு தன் கொடுக்கினாற் கவ்வுவது போல, உலோகத்தை இருபுறமும் கவ்விப் பிடிக்க வல்லன. இப்பிடிப்புக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரும் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பிறந்தது.

இரும்பைப் பற்றும் கனி, பாதரசம், ஈயம், கட்மியம் ஆகிய நச்சு உலோகங்களையும் மறிக்குமா? இவ்வினாவைப் பற்றி எண்ணும்போதெல்லாம் பிரேசில் நாட்டின் தபஜோஸ் ஆற்றங்கரை மக்களின் கதையே எமது நினைவுக்கு வரும்.

தபஜோஸ், அமேசன் பேராற்றோடு கலக்கும் ஆறு. அதன் கரையில் வாழ்வோருக்கு மீனே நாளாந்த உணவு. பொன் அகழ்வோர் பயன்படுத்திய பாதரசம் ஆற்றிற் சேர்ந்தது. காடுகள் அழிக்கப்பட்டபோது மண்ணில் இயற்கையாகவே இருந்த பாதரசமும் மழையோடு கரைந்து வந்தது. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மெதைல் பாதரசம் என்னும் கொடிய வடிவுக்கு மாற்றுகின்றன. சிறு மீனைப் பெரு மீன் உண்ண, பெரு மீனை மனிதர் உண்ண, படிக்குப் படி நஞ்சு செறிகின்றது. 1956 இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட பெருந்துயருக்கும் இந்நஞ்சே காரணம். ஆனால் அங்கே அதனைக் கடலில் விட்டது ஒரு தொழிற்சாலை.

கனடா நாட்டு ஆராய்ச்சியாளரும் பிரேசில் நாட்டினரும் கூடி, அக்கரையோரக் கிராமமொன்றிலே 26 பெண்களைக் கொண்டு ஓராண்டுக் காலம் ஆராய்ந்தனர். அப்பெண்கள் அன்றாடம் உண்டதைக் குறித்துவந்தனர். தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளர்வது; உடலிற் சேர்ந்த பாதரசம் அதிலே மாதவாரியாகப் பதிந்துவிடும். ஆகவே ஒரு சாண் நீளக் கூந்தலிலே ஓராண்டுக் கணக்கையும் படித்துவிடலாம்! 2003 இல் வெளிவந்த முடிவு வியப்பைத் தந்தது. மீன் மிகுதியாக உண்டோரிடம் பாதரசம் மிகுந்திருந்தது, இது எதிர்பார்த்ததே. ஆனால் ஒரே அளவு மீன் உண்டவர்களுள், பழம் மிகுதியாக உண்டவர்களிடம் பாதரசம் குறைந்திருந்தது. பின்னர் 13 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்விலும் இத்தொடர்பு காணப்பட்டது.

இதனை வகுப்பிலே கூறியபோது மாணவனொருவன் எழுந்து, "ஐயா, அப்படியானால் பழத்தைத் தின்றுவிட்டு எந்த மீனையும் தின்னலாமா?" என்றான். எல்லோரும் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. பத்திரிகை விளம்பரங்களைப் படிக்கும் பெரியோர் பலரும் அவனைப் போலவே எண்ணுகின்றனர்.

தபஜோஸ் பெண்களைக் காத்தது பொலிபீனோல்தான் என்று இன்னும் நிறுவப்படவில்லை. பழத்தின் நாரும் காரணமாகலாம். ஈயமும் கட்மியமும் ஊட்டப்பட்ட எலிகளுக்குக் குவர்செற்றின் போன்ற பொலிபீனோல்களைக் கொடுத்தபோது, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நேர்ந்த கேடு குறைந்ததைப் பல பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் எலிக்கு ஊட்டும் அளவு வேறு. நாம் உண்ணும் பழத்திலிருந்து குருதியிற் சேரும் அளவு மிகச் சிறிது.

மேலும், நஞ்சை வெளியேற்றுவது வேறு, அது செய்த கேட்டை மாற்றுவது வேறு. அமெரிக்காவிலே குருதியில் ஈயம் மிகுந்திருந்த 780 குழந்தைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு ஈயத்தை அகற்றும் மருந்து கொடுத்தனர். குருதியில் ஈயம் குறைந்தது. மூன்றாண்டின் பின் சோதித்தபோதோ, மருந்துண்ட குழந்தைகளின் அறிவுத்திறன் மற்றையோரினும் மேம்பட்டிருக்கவில்லை என்று 2001 இல் அறிவித்தனர். மருந்துக்கே இந்நிலையென்றால் கனியிடம் எதனை எதிர்பார்ப்பது? தபஜோஸ் மக்களுக்கும் எந்த மீனையும் உண்ணலாம் என்று எவரும் கூறவில்லை. பிற மீன்களைத் தின்று வாழும் பெரு மீன்களைக் குறைத்து, இலை, கனி தின்னும் மீன்களை உண்ணுமாறே அறிவுரை வழங்கப்பட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பொலிபீனோலின் கொடுக்குக்கு நல்லது, தீயது தெரியாது. சோற்றோடு தேநீரும் குடித்தால், தேயிலையின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்பையும் பற்றி உடலிற் சேரவிடாது தடுக்கும். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையின் குடலோ ஈயத்தை மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். காவலென்று நாம் கருதும் பொருளே இவ்வாறு கதவைத் திறந்துவிடவும் கூடும். நம் பிள்ளைகளுக்கு உணவுவேளையில் தேநீர் கொடுக்கும் வழக்கத்தை நாம் விரும்பாமைக்குக் காரணம் இதுவே.

பழத்துக்கு இவ்விடத்தும் ஒரு சிறப்புண்டு. கொய்யாவிலும் தோடம்பழத்திலும் நிறைந்துள்ள உயிர்ச்சத்து 'சி', துவர்ப்பின் பிடியைத் தளர்த்தி இரும்பு உடலிற் சேர உதவுகின்றது. கத்தியிற் படிந்த வாழைக்காய்க் கறையைத் தேசிக்காய்ப் பாதியாலே தேய்த்துப் போக்குகின்றோம் அல்லவா? அங்கும் ஒரு கனியின் துவர்ப்புப் பற்றிய இரும்பை மற்றொரு கனியின் புளிப்பே விடுவிக்கின்றது.