பெட்ரோலா, டீசலா? குட்டியானை வாங்கும் முன்...

திண்டிவனம் விற்பனைக் கூடத்துக்கு மல்லாட்டை ஏற்றிப்போக குட்டியானை வாங்க நினைக்கிறீர்கள். எது காற்றைக் குறைவாகக் கெடுக்கும்?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும், டீசலில் 2.7 கிலோ. ஆனால், டீசல் வண்டி லிட்டருக்குக் கூடுதல் தூரம் ஓடும். பெட்ரோலில் 15, டீசலில் 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி 6 கிலோவுக்கு மேல் விடும், டீசல் 5.4 கிலோதான்.

புகைக் கணக்கு வேறு. பழைய டீசல் வண்டியில் கரித்தூளும் நைட்ரஜன் ஆக்சைடும் மிக அதிகம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. இன்ஜினை அணைக்காமல் மூட்டை ஏற்றும்போது அதைச் சுவாசிப்பது நம் ஆட்கள்தான்.

2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.-6 வண்டிகளில் புகை வெகுவாகக் குறைவு. பல டீசல் வண்டிகளில் கரித்தூள் வடிகட்டி உண்டு. இன்ஜின் சூடேறி நீண்ட தூரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

வாரம் ஒருமுறை சந்தைக்கு மட்டும் என்றால் பெட்ரோல் போதும். தினமும் கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றுபவர் பி.எஸ்.-6 டீசல் வாங்கலாம். விலை மலிவு என்று கரும்புகை கக்கும் பழைய டீசல் வண்டி மட்டும் வேண்டாம்.