இலாபம் கருதாத பத்திரிகையில் இளைஞர் பயிற்சி

கல்லூரியில் பயிலும் என் பழைய மாணாக்கர் சிலர், "ஐயா, விடுமுறையில் ஒரு பத்திரிகையில் பயிற்சி பெற விரும்புகிறோம். அஃது இலாபம் கருதாத பத்திரிகை என்கிறார்கள். அங்கே எதைக் கற்கலாம்?" என்று கேட்பதுண்டு. தூத்துக்குடியில் நெடுநாள் தலைமையாசிரியனாகப் பணியாற்றியவன் என்ற முறையில் நான் அறிந்தவற்றைக் கூறுகிறேன்.

இலாபம் கருதாத பத்திரிகை என்றால் பணமே வேண்டாத பத்திரிகை என்று பொருளன்று. ஆசிரியர் குழுவினருக்கு ஊதியம் வேண்டும். பயணத்துக்குச் செலவு உண்டு. சந்தாவாலும் நன்கொடையாலும் வரும் தொகையில் மிஞ்சுவதை எவரும் பங்கிட்டுக்கொள்ளாமல், மீண்டும் பத்திரிகைப் பணிக்கே ஆக்குவதுதான் அதன் இலக்கணம். திரு. பி. சாய்நாத் அவர்கள் 2014 டிசம்பரில் தொடங்கிய 'பாரி' என்னும் இணைய இதழ் இதற்கு நல்ல சான்று. ஓர் அறக்கட்டளையின் சார்பில் அமைந்த அவ்விதழ், நாட்டுப்புற மக்களின் வாழ்வைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கட்டணமின்றி வழங்கியது. மாணவர் எழுதிய கட்டுரைகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. நம் தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரும் பெண்களின் பாடும் அதில் பதிவாகியுள்ளது.

பயிற்சிக்குச் செல்பவர் முதல் நாளே பெரிய கட்டுரை எழுதிவிட முடியாது. ஒலிப்பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுத்தில் வடிப்பது, பிழை திருத்துவது, படத்திலுள்ளவரின் பெயரும் ஊரும் சரிதானா என்று பார்ப்பது ஆகியவையே தொடக்க வேலைகள். சிறு வேலைகள் எனினும், உண்மையைச் சோதிக்கும் பழக்கம் இவற்றால்தான் படிகிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். "தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு இன்றும் சிறப்பாக நடக்கிறது" என்று ஓர் இளைஞர் எழுதுகிறார் என்று கொள்வோம். நல்ல ஆசிரியர் உடனே, "யார் சொன்னார்? எந்த ஆண்டில்?" என்று வினவுவார். இளைஞர் தேடிப் பார்ப்பார். 1955 முதல் 1961 வரை இங்கு முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பின்னர் நடைபெறவில்லை. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்தனர். இன்று நம் குளியாளர் மூழ்குவது சங்குக்காகவே. இவ்வளவும் தெரிந்தபின் அந்த ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு, இளைஞர் வேறொரு வாக்கியம் எழுதுவார். அந்தத் திருத்தமே அவர் பெற்ற பயிற்சி.

இனி, நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. இத்தகைய பத்திரிகைகளுள் சில, பயிற்சி பெறுவோர்க்கு உபகாரச் சம்பளம் தருகின்றன, சில தருவதில்லை. இரண்டு மாதம் நகரத்தில் தங்கி, சோற்றுக்கும் வாடகைக்கும் தம் கைப்பணத்தைச் செலவிட எவரால் இயலும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால் இயலும். மழைக்காலத்தில் அளத்தில் வேலையின்றி வீட்டில் இருக்கும் தாயின் மகளால் இயலுமா? அவள் வராமற் போனால், உப்பளத்தைப் பற்றி உப்பளம் காணாதவரே எழுத நேரும். ஏழை மக்களின் பாட்டை எழுதும் பத்திரிகை, ஏழை வீட்டுப் பிள்ளை நுழைய முடியாத இடமாக இருத்தல் தகாது.

ஆதலால் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், கூச்சமின்றி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எனக்குக் கற்பிப்பவர் யார்? உணவுக்கும் பயணத்துக்கும் பணம் உண்டா? என் சொந்த ஊரிலிருந்தே எழுத இடம் தருவீர்களா? மூன்றாவதற்கு 'ஆம்' என்ற விடை கிடைத்தால், நம் கடற்கரைப் பிள்ளைகள் நகரத்துக்குப் போகாமலே கற்கலாம். பத்திரிகை நடத்துவோரும் நன்கொடையில் ஒரு சிறு பகுதியை இப்பிள்ளைகளுக்கென ஒதுக்குதல் வேண்டும். சங்குக் குளியாளரின் மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும் என்று நூலில் படித்து எழுதலாம். கரையில் காத்து நின்ற மகன் எழுதினால் அதில் வேறோர் உண்மை இருக்கும்.