‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் இந்தப் பெண்ணைப் பார்க்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் நாலைந்து வருடத்து மருந்துச் சீட்டுகள், வயிற்று ஸ்கேன், எழுத்து மங்கிப்போன ஈசிஜி தாள்.

“நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கம்மா. பிடரி இழுத்துப் பிடிக்குது. கை காலெல்லாம் ஓஞ்சு கிடக்கு. ராத்திரி பொட்டுக் கண்ணு மூட முடியல.”

“எல்லாம் நார்மலாத்தான் இருக்கு. உனக்கு ஒண்ணுமில்லம்மா.”

“அப்ப ஒரு சத்து ஊசியாவது போட்டு விடுங்கம்மா. நாளைக்கு வேலைக்குப் போகணும்.”

ஊசி போட்டாகிவிடும். இரண்டு நாள் தெம்பாகத் தெரியும். அடுத்த மாதம் வேறொரு டாக்டர், ஒரு குளுக்கோஸ் பாட்டில், இன்னொரு ஸ்கேன். வட்டிக்கு வாங்கிய பணம் இப்படியே கரையும். அதை எப்படி அடைப்பது என்ற கவலையில் படபடப்பு இன்னும் கூடும். இந்தச் சுற்றை உடைக்கப் பெரிய மருத்துவமனை தேவையில்லை, ‘ஒண்ணுமில்ல’ என்ற அந்த ஒரு பதிலை நிறுத்தினாலே பாதி தூரம் கடந்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால் அந்தப் படபடப்பு நிஜம். பிடரி வலி நிஜம். கவலை தீராமல் நீளும்போது மூளை அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவு போகிறது. அட்ரினலின் இதயத்தை விரட்டுகிறது. கார்டிசோல் நாள்கணக்கில் ஏறியே இருந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. கழுத்துத் தசையும் தோள்பட்டைத் தசையும் இறுகியே கிடப்பதால் தலைவலி வருகிறது. மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன, தலை கிறுகிறுக்கிறது. குடலின் அசைவு மாறி வயிறு உப்புகிறது. தண்டுவடத்தில் வலியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாதைகள் செரடோனினையும் நார்அட்ரினலினையும் கொண்டு வேலை செய்கின்றன. மனச்சோர்விலும் பங்கு இருப்பதாகக் கருதப்படும் அதே ரசாயனங்கள்தாம் இவை. அதனால்தான் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சில நாள்பட்ட வலிகளுக்கும் கேட்கின்றன. இதில் எதுவும் சாதாரண ஸ்கேனில் தெரியாது. தெரியாததை இல்லாதது என்று சொல்ல முடியுமா?

இதைச் சொல்லும்போதே எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் உடம்புகள் உண்மையிலேயே நொந்துபோனவை. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாக இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் போகின்றன. ஏலக்காய், செடியின் தூரில் தரையை ஒட்டிக் காய்க்கும் பயிர். நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் காய் எடுக்க வேண்டும். ஈரமும் குளிரும் வேறு. ஏலத்துக்கும் சரி, கீழே திராட்சைக்கும் சரி, பூச்சிமருந்து அடிக்காமல் வெள்ளாமை இல்லை. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்புக்கு அவசியமான ஒரு நொதியை முடக்குபவை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி எல்லாம் அவற்றாலும் வரும். ரத்தசோகையும் அதே அசதியைத் தரும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மனம் சோர்ந்து, அழுகை வரும். ஆகவே ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லி ரத்தப் பரிசோதனையே செய்யாமல் அனுப்புவதும் ‘ஒண்ணுமில்ல’வுக்குச் சமமான அநியாயம். நெஞ்சுவலி என்று வரும் பெண்ணுக்கு முதலில் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். அதில் சமரசமே கூடாது.

தேவைப்படுவது உடம்பு, மனசு இரண்டையும் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் வைத்துப் பார்ப்பது. அது நடக்கக்கூடியதுதான் என்று நம்ப எனக்கு ஒரு பழைய ஆய்வு போதும். உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் 15 மையங்களில் பொது மருத்துவரிடம் வந்த நோயாளிகளை ஆராய்ந்தது. பெங்களூரும் அதில் ஒரு மையம். மனச்சோர்வு இருந்த 1,146 பேரில் 69 சதவீதம் பேர் உடம்புத் தொந்தரவுகளை மட்டுமே சொல்லிக்கொண்டு டாக்டரிடம் வந்திருந்தார்கள். 1999இல் வெளியான இந்த முடிவை ‘நம் மக்களுக்கு மனசைப் பற்றிப் பேசத் தெரியாது’ என்பதற்கு ஆதாரமாகப் பலர் காட்டுவார்கள். ஆனால் அதே ஆய்வில் நேரடியாகக் கேட்டபோதும் மனத்துயரம் இல்லை என்று மறுத்தவர்கள் 11 சதவீதம் பேர்தான். மற்றவர்கள் கேட்டதும் சொல்லிவிட்டார்கள். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

தாமாக ஏன் சொல்லவில்லை? பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் 80 நோயாளிகளிடம் விரிவாகப் பேசி 1996இல் எழுதிய கட்டுரை இதற்குப் பதில் தருகிறது. மனச்சோர்வின் அறிகுறிகள் கூடக் கூட அவமான உணர்வும் கூடியது. உடம்பு வலியைச் சொன்னவர்களிடம் அது குறைந்தது. வலி எல்லோருக்கும் வருவது. மனசு சரியில்லை என்று வெளியே தெரிந்தால் வீட்டில் கல்யாணம் தடைபடும். தேனியில் வாழும் எவருக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், அக்காள் இடுப்புவலிக்கு டாக்டரைப் பார்க்கலாம். அழுகைக்குப் பார்க்க முடியாது.

அப்படியானால் இடுப்புவலிக்கு வருகிற இடத்திலேயே அழுகையையும் கேட்டுவிட வேண்டும். உலகமெங்கும் பொது மருத்துவர்கள் பயன்படுத்தும் முதல்கட்டக் கேள்விகள் இரண்டே இரண்டு. நம் பேச்சில் கேட்டால் இப்படி வரும்: “அக்கா, இந்த ரெண்டு வாரமா மனசு ரொம்ப சோர்ந்து கிடக்கா? முன்னாடி பிடிச்ச வேலையிலகூட இப்ப நாட்டமில்லாம இருக்கா?” இதைக் கேட்க அரை நிமிடம் ஆகும். பதில் ஐந்து நிமிடம் வரலாம். குழுக் கடன் வரலாம், குடித்துவிட்டு அடிக்கும் புருஷன் வரலாம், வேலைக்குப் போன ஊரிலிருந்து பேசாமலே இருக்கும் மகன் வரலாம். கேட்பவர் அதையெல்லாம் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. அந்தப் படபடப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னால் போதும். “உங்க வலி நெசந்தான். கவலை தேங்கினா உடம்பு இப்படித்தான் காட்டும். ரெண்டுக்கும் சேர்த்தே பார்ப்போம்” என்று சொல்லும் செவிலியரிடம் அந்தப் பெண் அடுத்த வாரம் திரும்பி வருவாள்.

சர்க்கரை நோயில் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். சென்னை உட்பட நான்கு இந்திய மருத்துவமனைகளில், சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் நடந்த ஆய்வு அது. சென்னை டாக்டர் வி. மோகனும் அதில் பங்கேற்றார். ஒரு பாதி நோயாளிகளுக்கு மருத்துவரல்லாத ஒருங்கிணைப்பாளர் ஒருவரை அமர்த்தினார்கள். அவர் பேசி, விசாரித்து, மருந்தை நினைவுபடுத்துவார். மனநல மருத்துவர் அவ்வப்போது விவரங்களைப் பார்த்து ஆலோசனை சொல்வார். இரண்டு வருடம் கழித்து, மனச்சோர்வு பாதியாகக் குறைந்ததோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு இவற்றில் ஒன்றாவது தேறியவர்கள் அந்தப் பிரிவில் 71.6 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம். 2020இல் வெளியான முடிவு இது.

கோடாங்கியிடமும் கோயிலுக்கும் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த, கடும் மனநோய் கொண்ட 31 பேரை இதே ரகுராம் குழு ஆராய்ந்து 2002இல் எழுதியது. தனிச் சடங்கு எதுவும் இல்லை. கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, உறவினர் ஒருவர் கூடவே இருப்பது. சராசரியாக ஆறு வாரத்தில் நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. விரட்டாத இடமும் கைக்கு ஒரு வேலையும் அவ்வளவு செய்கின்றன. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்ததும் நம் மண்ணில்தான். நம்பிக்கைக்கு இடம் கொடுக்கலாம். சங்கிலிக்குக் கொடுக்கக் கூடாது.

கடும் மனநோய் உள்ளவர்களின் உடம்பை நாம் பார்ப்பதே இல்லை என்பது இன்னொரு கொடுமை. மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே அவர்கள் இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் மாரடைப்பு, சர்க்கரை, தொற்றுநோய் போன்ற உடல்நோய்களால். அவர்களில் ஒருவர் நெஞ்சைப் பிடித்தாலும் ‘அது அப்படித்தான் சொல்லிக்கிட்டே இருக்கும்’ என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள், மருத்துவமனையிலும் விட்டுவிடுகிறார்கள்.

தேனி மாவட்டத்தில் கட்டமைப்பே இல்லை என்று சொல்ல முடியாது. க.விலக்கில் 2004 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்கள் உள்ளூர்ப் பெண்கள். அந்த இரண்டு கேள்விகளை வாசல்படியில் உட்கார்ந்து கேட்க அவர்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. அதற்குப் பயிற்சியும் கூடுதல் ஊதியமும் கொடுத்தாக வேண்டும், சும்மா இன்னொரு பதிவேட்டைக் கையில் திணித்தால் ஆகாது. பேச ஆள் வேண்டுபவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சாக வேண்டும்போல் தோன்றுகிறவர்கள் ஒரு நொடியும் தாமதிக்காமல் அந்த எண்ணை அழைக்கலாம், வீட்டார் அவர்களைத் தனியே விடாமல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கியவர்களிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இது சத்து ஊசி மாதிரி மறுநாளே கேட்காது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். முதல் சில நாள் குமட்டலும் இருக்கலாம். தேறிய பிறகும் பெரும்பாலானவர்கள் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இதைச் சொல்லாததால்தான் நாலாம் நாள் மாத்திரை பரணுக்குப் போகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு பகலில் நடக்கிறது. தோட்டத்து ஜீப் ஊர் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. கூடலூரிலிருந்து க.விலக்குக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. கம்பத்திலும் போடியிலும் வாரத்தில் ஒரு நாளாவது, மாலை ஆறு மணிக்கு மேல், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஒரே வரிசையில் நின்று ஒரே சீட்டில் மருந்து வாங்கும்படி ஒரு பொதுப் பிரிவைத் திறக்க வேண்டும். வெளியே ‘மனநலம்’ என்று தனிப் பலகை மாட்டாமல்.