இரண்டாவது பிரதி எங்கே?

களனி கங்கை பெருகினால் பேலியகொடையில் நாம் முதலில் உயரத்தில் ஏற்றுவது காணி உறுதியைத்தான். கணினியிலுள்ள பிள்ளைகளின் படங்களை யார் நினைக்கிறார்கள்?

வெள்ளம் மட்டுமா ஆபத்து? 2023 ஆகஸ்டில், கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் நச்சு மென்பொருள் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைத் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அக்காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை.

பிரதியெடுக்கும் மென்பொருளைத் தெரிவு செய்யுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தானாகவே எடுக்குமா? பழைய பிரதிகளையும் வைத்திருக்குமா? அழிந்ததை இலகுவாக மீட்டுத் தருமா? விண்டோஸிலுள்ள 'ஃபைல் ஹிஸ்டரி' இவற்றைச் செலவின்றிச் செய்யும்; வெளி டிஸ்க் ஒன்றுதான் வேண்டும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் சேவையைப் பிரதியென்று நம்பாதீர்கள். வாரமொருமுறை டிஸ்க்கை இணைத்து, வேலை முடிந்ததும் கழற்றி வேறொரு வீட்டில் வையுங்கள். பூட்டும் நச்சு, இணைந்திருக்கும் டிஸ்க்கையும் விடாது.

அபூபக்ர் (ரலி) அவர்கள் காலத்தில் தொகுக்கப்பட்ட குர்ஆன் ஏடுகள், பின்னர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பாதுகாப்பில் இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் அவற்றைப் பெற்றே பிரதிகள் எழுதுவித்துப் பல ஊர்களுக்கும் அனுப்பினார்கள். பாதுகாத்தவர் ஒரு பெண்மணி!

உங்கள் வீட்டுப் பிரதிக்கும் நீங்களே பொறுப்பெடுங்கள். இன்றே ஒரு படத்தை மீட்டுப் பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி.