ஒழுகும் கூரையும் ஓர் இசைத்தொகுப்பும்

நிலையாமை தமிழுக்குப் புதிய பாடுபொருளன்று. தொல்காப்பியர் அதனைக் காஞ்சித்திணையில் வைத்தார். வள்ளுவர் ஓர் அதிகாரத்தை அதற்கு அளித்தார். நாலடியாரோ செல்வம், இளமை, யாக்கை ஆகிய மூன்றின் நிலையாமையைக் கூறித்தான் தொடங்குகிறது. சித்தர்களும் சூபி ஞானியரும் இப்பொருளை எளியோர் நாவில் ஒலிக்கச் செய்தனர். இவற்றை வகுப்பறையில் பயிலும் நம் மாணவர், வகுப்பு முடிந்ததும் காதில் கேட்பொறியைப் பொருத்திக்கொண்டு கிதார் இசையில் மூழ்கிவிடுகின்றனர். அவ்விசைக்குள்ளும் காஞ்சி உண்டு என்பதை ஒரு தொகுப்பின் வழியாக எடுத்துரைக்க விழைகிறோம்.

ராக் இசை என்றதும் நம் பெரியோர் முகஞ்சுளிப்பது இயல்பே. அதன் பெரும்பகுதி ஆரவாரம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அதனுள் துயர் தோய்ந்த ஒரு கிளை உண்டு. அமெரிக்காவின் 'ஆர்.ஈ.எம்.' குழுவினர் 1992இல் வெளியிட்ட 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' என்னும் தொகுப்பு முதுமை, சாவு, நினைவு ஆகியவற்றையே பெரிதும் பேசுகிறது. மனமுடைந்தோரைத் தேற்றும் பாடலும் அதில் உண்டு. இவ்வகைக்கு அண்மையான ஒன்றைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரு போதும்.

ஓசூர், கிருட்டினகிரி வட்டாரம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப்புறம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின், பல மாவட்டத்து இளைஞர் இங்கு வந்து முறை வேலை செய்து வாழ்கின்றனர். அத்திப்பள்ளி எல்லையைக் கடக்கும் பேருந்துகளில் கன்னடப் பாடல் ஒலிக்கும்போது, பொருள் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் அவர்கள் கேட்டிருப்பர். அத்தகைய பாடல்களைத் தந்தவர்களுள் ஒருவர் ரகு தீட்சித். மைசூரில் வளர்ந்தவர், நுண்ணுயிரியல் பயின்றவர், பரதமும் கற்றவர். 'அந்தராக்னி' என்னும் பெயரில் அவருடைய முதல் தொகுப்பு 2008இல் வெளிவந்தது. 'உள்ளிருக்கும் நெருப்பு' என்பது அப்பெயரின் பொருள். கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பாடல்களும் இதில் உள்ளன. கிதாருக்கும் முரசுக்கும் நடுவே ஷிஷுநாள ஷரீப் என்னும் ஞானியின் பாடல்களை அவர் இதில் அமைத்திருப்பதே நம் கருத்தைக் கவர்வது.

ஷரீப் 1819இல் இன்றைய ஆவேரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். சிலகாலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். கோவிந்த பட்டர் என்னும் அந்தணரை ஞானாசிரியராக ஏற்றார், 1889இல் மறைந்தார். அவர் அடங்கிய இடத்திற்கு இருசமயத்தாரும் இன்றும் செல்கின்றனர். அவருடைய பாடல்களைக் கன்னட நாடெங்கும் கொண்டு சேர்த்தவருள் முதன்மையானவர் இசையமைப்பாளர் சி. அசுவத். 1990இல் நாகாபரணா இயக்கிய 'சந்த ஷிஷுநாள ஷரீப' திரைப்படத்திற்கு அவரே இசையமைத்தார். அப்படம் நாட்டு ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதும் பெற்றது.

'சோருதிகுது மனெய மாளிகி' என்பது ஷரீபின் புகழ்பெற்ற பாடல். தமிழ் மாணவர் ஈண்டுச் சற்று நின்று நோக்க வேண்டும். 'மனெ' நம் மனையே. 'மாளிகி' என்பதைக் கேட்டதும் அரண்மனையை எண்ணிவிடுதல் கூடாது. வடகன்னட நாட்டு மண்வீட்டின் மேற்கூரையையே அது குறிக்கிறது. 'சோரு' என்பது கண்ணீர் சோர்தல் என நாம் வழங்கும் அதே வினை. ஆக, வீட்டின் கூரை ஒழுகுகிறது என்பதே பொருள். வீடு என்பது உடல். ஒழுகுவதற்குக் காரணம் அறியாமை. அதனைச் செப்பனிட்டுத் தருவார் எவருமில்லை. இருளில் தான் ஏறிப் பார்க்கவும் இயலவில்லை. மழையோ வந்துவிட்டது. இந்நிலையில் தன் ஊர் இறைவன் உடன்நின்று காப்பான் என்று நம்பியிருப்பதாகப் பாடல் முடிகிறது. 'நம்பு' என்னும் சொல்லும் இருமொழிக்கும் பொதுவே. கடுவெளிச் சித்தர் உடலைத் தோண்டியாகக் கண்டார். அத்தோண்டி உடைந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஷரீபின் கூரை இன்னும் விழவில்லை, ஒழுகத்தான் செய்கிறது. இவ்வேறுபாட்டில்தான் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது என்பது எம் கருத்து.

தொகுப்பிலுள்ள மற்றொரு ஷரீப் பாடல் குடுகுடி, அதாவது உக்காவைப் பற்றியது. மோகத்தை நறுக்கி எரித்துப் புகையாக்கி, உடலின் நோயை வெளியேற்றச் சொல்கிறது. ரகு தீட்சித்தின் துள்ளல் தாளத்திற்கு அரங்கமே ஆடுகிறது. ஆடுவோருள் எத்தனைபேர் பொருளை உணர்வர் என்ற ஐயம் நமக்கும் உண்டு. அவ்வளவில் பெரியோர் முறையீடு நியாயமானதே. எனினும் பாடல் அழியாமல் அடுத்த தலைமுறையின் செவிக்குச் சென்றிருக்கிறது. 1838இல் மறைந்த நம் குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகளோ, இன்று பெரும்பாலும் பாடத்திட்டத்தின் ஏடுகளுக்குள் உறங்குகின்றன.

இத்தொகுப்பிலுள்ள 'ஹே பகவான்' என்னும் இந்திப்பாடல், வாழ்வை மீண்டும் ஒருமுறை தருமாறு இறைவனை இறைஞ்சுவது. இதனை மறுபிறவி வேண்டுதலாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. வீணான நாள்களை எண்ணி வருந்துபவன், உயிருள்ளபோதே திரும்பித் தொடங்க வழி கேட்கிறான் எனவும் கொள்ளலாம். பாவமன்னிப்பு வேண்டும் 'தவ்பா'வை அறிந்த நமக்கு இக்குரல் அயலானதன்று. இரவு முறை முடிந்து ஓசூர் அறைக்குத் திரும்பி, ஊரையும் பெற்றோரையும் எண்ணிக் கிடக்கும் இளைஞனுக்கும் அப்படியே இருத்தல் கூடும்.

அசுவத் பாடிய வடிவத்தையும் ரகு தீட்சித்தின் வடிவத்தையும் தமிழ் மன்றத்தில் ஒரு பிற்பகல் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்யலாம். கன்னடம் அறிந்த ஓசூர் மாணவர் பொருளுரைக்க, ஏனையோர் குணங்குடியாரின் கண்ணிகளோடு ஒப்பிட்டுப் பேசலாம். பெரியோரும் வந்தமர்ந்து கேட்பார்களாயின் மகிழ்வோம்.