துப்பாக்கி வாங்கும் உரிமையைத் தாமே துறக்கும் சட்டங்கள்

துப்பாக்கி வாங்கும் உரிமையைத் தாமே துறக்கும் சட்டங்கள் என்பவை, ஒருவர் தம் விருப்பத்தின் பேரில் அரசுப் பட்டியல் ஒன்றில் பெயரைப் பதிந்து, தமக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது என ஏற்பாடு செய்துகொள்ள வழிவகுக்கும் சட்டங்கள் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் சில மாநிலங்களில் இவை நடைமுறையில் உள்ளன. தற்கொலைத் தடுப்பே இவற்றின் முதன்மை நோக்கம். இதே கருத்து தமிழ்நாட்டில் பூச்சிக்கொல்லி தொடர்பாகச் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது.

பின்னணி

அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். தற்கொலை எண்ணம் பலருக்கு அலை போல எழுந்து தணிவது. கடும் நெருக்கடி சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அடங்கிவிடுவதுண்டு. அந்த நேரத்தில் உயிரைப் போக்கும் பொருள் கைக்கு எட்டாவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கின்றனர். ஒரு முறை பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை.

மனம் தெளிவாக இருக்கும் நாளில் எடுத்த முடிவு, கலங்கிய நாளில் ஒருவரைக் காக்க முடியும் என்ற அடிப்படையில் இந்தத் திட்டத்தை முன்வைத்தவர் அலபாமா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஃபிரெட்ரிக் வார்ஸ். அவரும் மருத்துவர்களும் மனநலச் சிகிச்சை பெற்றுவந்த 200 பேரிடம் நடத்திய ஆய்வில், 46 விழுக்காட்டினர் இத்தகைய பட்டியலில் சேர விருப்பம் தெரிவித்தனர்.

2018-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டோனா நேத்தன் என்பவர் துப்பாக்கி வாங்கித் தற்கொலை செய்துகொண்டார். அவர் தம் மனநோய்க்குத் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றவர். அவருடைய மகள் கேட்ரினா பிரீஸ் தொடர்ந்து இச்சட்டத்துக்காகப் பரப்புரை செய்ததால், இது ‘டோனாவின் சட்டம்’ என்றும் அழைக்கப்படுகிறது.

செயல்படும் முறை

முதலில் வாஷிங்டன் மாநிலம் 2018-இல் இச்சட்டத்தை இயற்றியது. வர்ஜீனியா 2020-இலும் யூட்டா 2021-இலும் பின்தொடர்ந்தன.

வாஷிங்டனில் விண்ணப்பதாரர் அடையாளச் சான்றுடன் வட்டார நீதிமன்ற எழுத்தரிடம் படிவத்தைத் தர வேண்டும். பெயர், துப்பாக்கிக் கடைகள் விற்பனைக்கு முன் சரிபார்க்கும் தேசியப் பின்னணிச் சோதனைத் தரவில் சேர்க்கப்படும். அதன் பிறகு கடையில் அவருக்கு விற்பனை மறுக்கப்படும்.

இத்துறவு நிரந்தரமானதன்று. வாஷிங்டனில் பதிந்து 7 நாட்கள் கழிந்த பின் அதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். வர்ஜீனியாவில் பெயரை நீக்கக் கோரினால், 21 நாட்களுக்குப் பிறகே நீக்கப்படும். இந்த இடைவெளிதான் சட்டத்தின் உயிர்நாடி. நெருக்கடியின் உச்சத்தில் மனம் மாறினாலும், உடனே கடைக்குச் சென்று வாங்க முடியாது.

குடும்பத்தாரோ காவல்துறையோ நீதிமன்றத்தை அணுகி ஒருவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைக்கும் சட்டங்களும் அமெரிக்காவில் உண்டு. அவற்றில் முடிவு பிறருடையது. இதில் முடிவு அவருடையதே.

வரம்புகள்

பட்டியல் கடையில்தான் தடுக்கும். வீட்டில் ஏற்கெனவே உள்ள துப்பாக்கியை அது கைக்கு எட்டாமல் செய்துவிடாது. பல மாநிலங்களில் தனியார் தமக்குள் விற்றுக்கொள்ளும்போது பின்னணிச் சோதனை நடப்பதுமில்லை. சட்டம் இருப்பதை அறிந்தவர்கள் குறைவு என்பதால் பதிவு செய்தோர் எண்ணிக்கையும் சிறிதே.

இந்தியாவில்

ஆயுதச் சட்டம் 1959-இன்படி இந்தியாவில் உரிமம் பெற்றவர் மட்டுமே துப்பாக்கி வைத்திருக்கலாம். அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அரசியலமைப்பு உரிமை அன்று. உரிமம் பெற்றவர் தாமே விண்ணப்பித்தால், அச்சட்டத்தின் 17(4) பிரிவின் கீழ் உரிம அதிகாரி அதை நீக்கலாம்.

தமிழக ஊர்ப்புறங்களில் கூடுதல் கவலைக்குரியது வீட்டில் இருக்கும் பூச்சிக்கொல்லி. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் நிறுவிய சிநேகா அமைப்பு, கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் ஒரு முயற்சியை மேற்கொண்டது. உழவர்கள் மருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான கட்டடத்தில் தமக்குரிய பூட்டுப் பெட்டியில் வைத்து, தெளிக்கும் நாளில் எடுத்துச் சென்றனர். 2013-இல் வெளியான ஆய்வு, இக்கிராமங்களில் தற்கொலைகள் குறைந்ததாகக் கூறியது. ஆயினும் இது சில கிராமங்களை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு.

இலங்கையின் அனுபவம் வேறு பாடத்தைத் தருகிறது. அனுராதபுரப் பகுதியில் 180 கிராமங்களில் 50,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை உள்ளடக்கிய பெரிய ஆய்வு 2017-இல் வெளியானது. வீட்டிலேயே பூட்டுப் பெட்டி கொடுத்ததால் தற்கொலை முயற்சிகள் குறையவில்லை என்று அது காட்டியது. மாறாக, 1995 முதல் அந்நாடு கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததே தற்கொலை விகிதம் பெருமளவு குறைய முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

பெட்டி வீட்டிலேயே இருந்தால் சாவியும் வீட்டிலேயே இருக்கும். ஆபத்தான பொருளுக்கும் மனிதருக்கும் இடையே தொலைவும் நேரமும் இருக்கும்போதுதான் ஒருவர் தமக்குத் தாமே இட்ட தடை பயன் தரும் என்பதை இவ்விரு அனுபவங்களும் உணர்த்துகின்றன. அரசு விதிக்கும் பொதுத் தடைக்கு இது துணையாகலாம், மாற்றாகாது.

உதவி

மனநெருக்கடியில் உள்ளவர்களும் அவர்களைப் பற்றிக் கவலைப்படும் குடும்பத்தாரும் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், இந்தியா முழுவதும் டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.