வெப்சைட்டுக்கு என்ன கலர்? அதுவா முதல் கேள்வி!

மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாண சமையல் காண்டிராக்டர். கற்பனை ஆசாமிதான். ஆனால் இவரைப்போல சென்னையில் பேட்டைக்கு நாலு பேர் நிஜமாகவே இருக்கிறார்கள்.

வயது 55. கரண்டி பிடித்து 35 வருஷம் ஆகிறது. விளம்பரம் என்று ஒரு பைசா செலவழித்தது கிடையாது. ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு வந்து, "அடுத்த தை மாசம் எங்க வீட்டுல விசேஷம். தேதி காலியா இருக்கா மாஸ்டர்?" என்று கேட்பார். அப்படியே ஓடிய பிழைப்பு.

இப்போது போன் மணி குறைந்துவிட்டது. மண்டபத்தையே செல்போனில் தேடிப் பிடிக்கிற காலம். சமையலுக்கும் அதே கதைதான். தேடினால் முதலில் வந்து நிற்பது புதிதாக முளைத்த "ஈவெண்ட்" கம்பெனிகள். அந்தக் கம்பெனிகளே மாஸ்டரைக் கூப்பிட்டு, அடிமாட்டு விலைக்கு சமைத்துத் தரச் சொல்கின்றன. அடுப்படி இவருடையது. பெயர் அவர்களுடையது!

"நாமளும் ஒரு வெப்சைட் போட்டுடலாம்ப்பா" என்கிறான் மகன்.

வெப்சைட் செய்து தரும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வருகிறார்.

"சொல்லுங்க மாஸ்டர், எப்படி வேணும்?"

"நல்லா ஜிகுஜிகுன்னு இருக்கணும் தம்பி. திறந்த உடனே நாதஸ்வரம் கேக்கணும். ரெண்டு பக்கமும் வாழை மரம் ஆடணும். நடுவுல நம்ம போட்டோ பெருசா வரணும். கலர் மெரூன்!"

"அசத்திடலாம் மாஸ்டர்!"

அட்வான்ஸ் கைமாறுகிறது. காபி வருகிறது. இரண்டு பேரும் கேட்காமலே விட்ட கேள்வி ஒன்று உண்டு. இந்த வெப்சைட் எதற்கு?

கோடிகள் கரைந்த கதை

இந்த இடத்தில் கோட்டைவிட்டது சின்ன வியாபாரிகள் மட்டும் அல்ல. கோட்டு சூட்டு போட்டவர்களும் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

லண்டனில் "பூ டாட் காம்" என்று ஒரு கம்பெனி. நாகரிக உடைகளை இன்டர்நெட்டில் விற்பதற்காகவே தொடங்கப்பட்டது. 1999 நவம்பரில் கடையைத் திறந்தார்கள். "மிஸ் பூ" என்ற பொம்மைப் பெண் வந்து வழி காட்டுவாள். உடையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். தோற்றத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால், அன்றைக்கு வீடுகளில் இருந்தது டெலிபோன் கம்பி வழியாக வந்த மெதுவான இணைப்பு. பக்கம் திறப்பதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்துவிடலாம்! சட்டை வாங்க வந்தவன் சலித்துப்போய் எழுந்து போனான். 2000 மே மாதம் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. கரைந்த பணம் சுமார் 13.5 கோடி டாலர்.

நம் பக்கத்து ஊர் பெங்களூரிலும் ஒரு கூத்து நடந்தது. துணிமணி விற்கும் "மிந்த்ரா" கம்பெனி, "இனிமேல் செல்போன் ஆப் மட்டும்தான்" என்று சொல்லி 2015 மே மாதம் தன் வெப்சைட்டையே மூடிவிட்டது. ஒரு வருஷம் பார்த்தார்கள். 2016 ஜூனில் கம்ப்யூட்டரில் வாங்குகிறவர்களுக்காக வெப்சைட்டை மறுபடியும் திறந்தார்கள். வாடிக்கையாளர் இந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று முதலாளி கட்டளை போட்டால் நடக்குமா?

மாஸ்டரிடம் கோடி இல்லை. இருப்பது சீட்டு எடுத்த பணம். அதனால் அவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வரப்போவது யார்?

கலரைப் பற்றிப் பேசும் முன் ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். கம்ப்யூட்டரே வேண்டாம். பேனா போதும். அதில் எழுத வேண்டிய முதல் விஷயம், இந்தப் பக்கத்தைத் திறக்கப்போகிற ஆள் யார் என்பது.

மாஸ்டர் விஷயத்தில் அது இரண்டு பேர். ஒருவர், பெண்ணைப் பெற்றவர். 60 வயதை நெருங்குகிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு செல்போனை எட்டப் பிடித்துப் படிப்பவர். இன்னொருவர், பெண்ணின் அண்ணன். அமெரிக்காவில் நியூஜெர்சியில் வேலை. அவருக்கு மத்தியான சாப்பாட்டு நேரம் என்றால், மாம்பலத்தில் ராத்திரி 11 மணி! மாஸ்டர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டியது வெப்சைட்தான்.

இந்த இரண்டு பேரும் நாதஸ்வரம் கேட்க வரவில்லை. அவர்கள் கேள்வி வேறு.

எங்கள் முகூர்த்த தேதி காலியா? இலைக்கு எவ்வளவு? குறைந்தது எத்தனை இலை சொல்ல வேண்டும்? காலை டிபனும் ராத்திரி வரவேற்பும் சேர்த்தா, தனியா? சீர் பட்சணம் உங்கள் பொறுப்பா? பாத்திர வாடகை யார் தலையில்? பரிமாறும் ஆட்களுக்கு கூலி அதில் அடக்கமா?

கடைசி மூன்று கேள்விகளும் சாதாரணம் அல்ல. கல்யாணம் முடிந்து, மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்தில் மாஸ்டருக்கும் சம்பந்திகளுக்கும் வாய்ச்சண்டை வருவது எல்லாம் இந்த மூன்றில்தான். இதை முன்கூட்டியே பளிச்சென்று எழுதிப் போட்டிருக்கிற காண்டிராக்டரை யாருக்குத்தான் பிடிக்காது?

"விலையைப் போட்டா எதிராளி பாத்துடுவானே தம்பி!" என்பார் மாஸ்டர். எதிராளிக்கு அது எப்போதோ தெரியும். தெரியாமல் இருப்பது வாடிக்கையாளருக்கு மட்டும்தான். ஐட்டம் கூடினால் விலை கூடும் என்பதால், "இத்தனை ரூபாயில் இருந்து" என்று போட்டாலே போதும்.

எண்ணிப் பார்க்க முடிகிற ஆசை

அடுத்து லட்சியம். "உலகம் பூரா நம்ம பேர் தெரியணும்" என்பது ஆசை. அதை எண்ண முடியாது. எண்ண முடியாததை நம்பி பணம் போட்டால், ஒரு வருஷம் கழித்து லாபமா நஷ்டமா என்று யாருக்கும் தெரியாது.

"மாசம் 10 போன் நேரா பெண் வீட்டுல இருந்து வரணும். அதுல 2 பேராவது அட்வான்ஸ் கொடுக்கணும்." இப்படிச் சொன்னால், அது லட்சியம்! ஈவெண்ட் கம்பெனி கொடுக்கிற விலைக்கும், நேராக வரும் பெண் வீட்டார் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கிப் பார்த்தால், வெப்சைட்டுக்கு எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற கணக்கும் வந்துவிடும்.

எண்ணுவதற்குப் பெரிய மெஷின் தேவை இல்லை. எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள் என்று காட்டும் இலவச வசதிகள் உண்டு. அதைவிட நம்பகமானது, போன் பக்கத்தில் ஒரு 40 பக்க நோட்டு. கூப்பிடுகிறவர் ஒவ்வொருவரிடமும், "நம்மளை எப்படி சார் தெரியும்?" என்று கேட்டு எழுதினால் தீர்ந்தது.

தானே உதிரும் வாழை மரம்

தாளில் இதையெல்லாம் எழுதிய பிறகு தோற்றத்தைப் பற்றிப் பேசினால், பாதி சமாச்சாரம் தானாகவே உதிர்ந்துவிடும்.

நாதஸ்வரம் போயிற்று. ஆபீசில் ரகசியமாகத் திறந்து பார்க்கிறவரின் செல்போன் திடீரென்று கெட்டிமேளம் கொட்டினால் அவர் கதி என்ன? அதோடு, திறந்ததும் தானாகச் சத்தம் போடும் பக்கங்களின் வாயை 2018 முதல் "குரோம்" தானே அடைத்துவிடுகிறது. காசு கொடுத்து வைத்த நாதஸ்வரம் பெரும்பாலும் ஊமை நாதஸ்வரம்தான்!

வாழை மரமும் போயிற்று. மாஸ்டரின் போட்டோ இருக்கலாம். முகம் தெரிந்த ஆளிடம்தான் ஜனங்கள் நம்பி அட்வான்ஸ் கொடுப்பார்கள். ஆனால் மேலே ஒரு ஓரத்தில், சின்னதாக.

அந்தப் பெரிய இடத்தில் என்ன வரும்? இலை! மாஸ்டர் பரிமாறிய அசல் இலையை மேலே இருந்து எடுத்த படம். நிஜ பந்தி, நிஜ மண்டபம். இன்டர்நெட்டில் சுட்ட படம் கூடவே கூடாது. பன்னீர் பட்டர் மசாலா படத்தைப் போட்டுவிட்டு வத்தக்குழம்பை ஊற்றினால், பந்தியிலேயே மானம் போய்விடும். அடுத்தவர் எடுத்த படம் என்றால், காப்புரிமை வழக்கு வேறு வரும்.

செல்போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றுவதும் தப்பு. ஒவ்வொன்றும் கனமாக இருக்கும். எடையைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் லண்டன் "பூ" கதைதான். சிக்னல் பாதி இருக்கும் இடத்தில் நின்று திறந்து பார்த்து, சட்டென்று வருகிறதா என்று சோதிப்பது நல்லது.

மெரூன் கலருக்குத் தடை இல்லை. வெள்ளை எழுத்தோடு ஜம்மென்று இருக்கும். ஆனால் சந்தன நிறத் தரையில் மஞ்சள் எழுத்து என்று யாராவது கிளம்பினால், தடுத்து நிறுத்த வேண்டும். வெப்சைட் தரங்களை வகுக்கும் உலக அமைப்பே இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டால், இந்தக் கணக்கு தானே புரியும்.

பலர் தவறவிடும் இன்னொன்று, போன் நம்பர். அழகாக இருக்கிறது என்று படத்துக்குள்ளேயே நம்பரை வரைந்து வைத்துவிடுகிறார்கள். தொட்டால் டயல் ஆகாது. பெண்ணின் அப்பா பேனா தேட வேண்டும். நம்பர் எழுத்தாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் பட வேண்டும். தொட்டதும் மாஸ்டர் வீட்டில் மணி அடிக்க வேண்டும். ஐட்டம் பட்டியலும் அப்படியே எழுத்தாக இருந்தால்தான், தேடுகிறவர்கள் கையில் அகப்படும். தமிழிலும் வேண்டும், இங்கிலீஷிலும் வேண்டும். கீழே, உணவு பாதுகாப்பு லைசென்சின் 14 இலக்க நம்பரைப் போட்டுவிட்டால், சந்தேகப் பேர்வழிகளுக்கும் திருப்தி.

பின்னால் முறுக்கு, அதிரசம் என்று பட்சணத்தை வெப்சைட்டிலேயே விற்கும் யோசனை இருந்தால், அதற்குச் சட்டம் உண்டு. 2020ல் வந்த மத்திய அரசு விதிப்படி விலாசம், புகார் அதிகாரியின் பெயர், தொடர்பு எண் எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள், "வந்து சேர்ந்தது" என்று சொல்ல வேண்டும். கிடங்கு நிறைய வைத்துக்கொண்டு, "இன்னும் 2 பாக்கெட்தான்! முந்துங்கள்!" என்று புளுகுவதும் 2023 நவம்பரில் தடை செய்யப்பட்ட தந்திரங்களில் ஒன்று. அப்போது மொத்தம் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்தார்கள்.

பெயர் யார் பேரில்?

எல்லாவற்றையும்விட பெரிய கண்டம் ஒன்று இருக்கிறது. வெப்சைட்டின் பெயரை யார் பேரில் பதிவு செய்வது?

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் மாஸ்டர்" என்று தம்பி சொல்வார். கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் அவர் இமெயிலில், அவர் செல் நம்பரில், அவர் பேரில் பதிவாகிவிடும். நாளைக்கே அவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விடுவார். நம்பர் மாறிவிடும். பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் ஓலை எல்லாம் அவர் இமெயிலில் தூங்கும். கெடு தாண்டினால் வெப்சைட் மறைந்துவிடும். வேறு யாராவது அந்தப் பெயரை வாங்கிவிட்டால், கோவிந்தா! பெயர்ப்பலகை ஒருவருடையது, கடை ஒருவருடையது என்று ஆகிவிடும்.

இது பாமரர்களுக்கு மட்டும் வரும் ஆபத்து அல்ல. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாப்ட் கம்பெனியே "பாஸ்போர்ட் டாட் காம்" என்ற தன் பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. கட்ட வேண்டிய தொகை வெறும் 35 டாலர். அதனால் ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள். கடைசியில் அமெரிக்க புரோகிராமர் ஒருவர் தன் சொந்த கிரெடிட் கார்டில் அந்தப் பணத்தைக் கட்டினார்!

ஆகவே பெயர் மாஸ்டர் பேரில், மாஸ்டர் வீட்டு செல் நம்பரில், மாஸ்டர் குடும்பத்து இமெயிலில் இருக்க வேண்டும். "டாட் இன்" பெயர்கள் 2005 முதல் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. தமிழிலேயே எழுதி, ".இந்தியா" என்று முடிகிற பெயரும் வாங்கலாம். ஒரே வருஷத்துக்குக் கட்டாமல் சில வருஷங்களுக்குச் சேர்த்துக் கட்டிவிட்டால், மறதிக்கும் இடம் இல்லை.

இந்த வேலைக்கெல்லாம் தோதான மாசம் ஆடி. முகூர்த்தம் கிடையாது. அடுப்பு ஆறிக் கிடக்கும். அப்போது உட்கார்ந்து தாள் எழுதி, படம் எடுத்து முடித்தால், ஆவணி பிறப்பதற்குள் வெப்சைட் தயாராகிவிடும்.

ஆவணி பிறந்த பிறகு பக்கத்தைத் தொடப்போவது யார் என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். வெங்காய விலை ஏறினால் இலை விலை மாறும். ஒவ்வொரு தடவையும் தம்பியைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. மாஸ்டரின் மகனே தன் செல்போனில் இருந்து விலையையும் தேதியையும் மாற்றுகிற மாதிரி செய்து தரச் சொல்ல வேண்டும். முக்கியமாக தேதி! அட்வான்ஸ் வாங்கிய தேதியை அன்றைக்கே அடித்து வைக்காவிட்டால், ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு பெண் வீட்டார் வெற்றிலை பாக்கோடு வந்து வாசலில் நிற்பார்கள்.